பெரிய வண்டி, குறுகிய மலைச்சாலை: ஆர்.வி. பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் உள்ள தேசியப் பூங்காக்களுக்கு ஆர்.வி., அதாவது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வாடகைக்கு எடுத்துப் போவது பற்றிக் கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். கடைசிக் கேள்வி மட்டும் நியூசிலாந்துக்குத் தாவுகிறது.

கேள்வி: பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் இருவர். மே கடைசியில் தொடங்கும் பள்ளி விடுமுறையில் 12 நாள் கிடைக்கிறது. யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேஷியர், ராக்கி மவுண்டன் நான்கையும் ஒரே சுற்றில் பார்க்க எண்ணம். 31 அடி வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. முன்பணம் கட்டிவிடலாமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். விலையில் குறையில்லை, வரிசையில்தான் குறை. வண்டியை முதலில் பிடித்துவிட்டு அதற்கு இடம் தேடினால், கிடைக்கிற இடத்துக்கெல்லாம் ஓடவேண்டியதாகும். முகாம் இடம் முதலில், வண்டி இரண்டாவது, விமான டிக்கெட் கடைசி. ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

தூரத்தைப் பாருங்கள். யெல்லோஸ்டோனின் மேற்கு வாசலிலிருந்து கிளேஷியருக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ராக்கி மவுண்டன் அதற்கு எதிர்த்திசையில், 800க்கும் மேல். கோலாலம்பூர்-பினாங்கு 350 கிலோமீட்டர், அதைப்போல் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். பிளஸ் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிற கணக்கு இங்கே உதவாது. யெல்லோஸ்டோனுக்குள் அதிகபட்ச வேகமே மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். நடுச்சாலையில் காட்டெருமைக் கூட்டம் படுத்துவிட்டால் அதுவும் இல்லை. போக வர விமானத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். நீண்ட விமானப் பயணம் முடித்து இறங்கிய அன்றே வண்டியைக் கொடுக்கப் பல நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை, கொடுத்தாலும் அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டக்கூடாது. ஆக, கையில் நிற்பது எட்டு ஒன்பது நாள். அதற்கு இரண்டு பூங்காவே சரி.

எந்த இரண்டு என்பதை மாதமே சொல்லிவிடுகிறது. கிளேஷியரின் பெயர்பெற்ற கோயிங்-டு-த-சன் சாலை, 80 கிலோமீட்டர், 2,026 மீட்டர் உயரத்தில் லோகன் கணவாயைக் கடக்கிறது. பனியை அள்ளி முடித்து அதை முழுமையாகத் திறப்பது வழக்கமாக ஜூன் கடைசிக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில்தான். உங்கள் விடுமுறையில் அது மூடியிருக்கும். திறந்திருந்தாலும் உங்கள் வண்டி போகமுடியாது: அவலான்ச் முகாமுக்கும் சன் பாயிண்டுக்கும் இடையில் 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள எந்த வண்டிக்கும் அனுமதியில்லை. 10 அடிக்கு மேல் உயரமென்றால் மேற்கு நோக்கி இறங்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் பாறை கூரையைச் சுரண்டும் ஆபத்து வேறு. ஓட்டுநர் அறைக்கு மேல் கட்டில் வைத்த சி வகை வண்டி பெரும்பாலும் 11, 12 அடி உயரம்.

ராக்கி மவுண்டனின் டிரெயில் ரிட்ஜ் சாலையும் மே கடைசி வாரத்தில்தான் திறக்கும், அதுவும் வானிலை இடம் கொடுத்தால். எனவே யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும் போதும். இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. சால்ட் லேக் சிட்டியில் வண்டி எடுத்து ஜாக்சன் வழியாகக் கிராண்ட் டீட்டனில் மூன்று இரவு, யெல்லோஸ்டோனில் நான்கு அல்லது ஐந்து இரவு, பிறகு மேற்கு வாசல் வழியே வெளியேறி ஐடஹோ ஃபால்ஸ், ஐ-15 நெடுஞ்சாலை என்று திரும்பலாம். உள்ளே சுற்றுவதையும் சேர்த்து ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். யெல்லோஸ்டோனில் ஒரே முகாமில் ஐந்து இரவும் தங்காதீர்கள். உள்சுற்றுச் சாலை எட்டு வடிவில் 229 கிலோமீட்டர். மேடிசன் பக்கம் இரண்டு இரவு, கேன்யன் அல்லது ஃபிஷிங் பிரிட்ஜ் பக்கம் மீதி என்று பிரித்தால் ஒரே சாலையில் திரும்பத் திரும்ப ஓடவேண்டியிராது. யெல்லோஸ்டோனிலும் மே கடைசியில் டன்ரேவன் கணவாய், 2,700 மீட்டர், திறந்தும் திறக்காமலும் இருக்கும். திட்டத்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

31 அடி வண்டிக்கு யெல்லோஸ்டோனில் தடையில்லை. ஆனால் 30 அடிக்கு மேற்பட்டவற்றுக்கான முகாம் இடங்கள் மிகக் குறைவு. கிராண்ட் டீட்டனின் மூஸ்-வில்சன் சாலையில் ஆர்.வி.க்கும் இழுவை வண்டிக்கும் இடமே இல்லை, 23.3 அடிக்கு மேல் எந்த வண்டியும் கூடாது. ஆறு பேர் என்பதால் உங்களுக்குச் சிறிய வண்டி போதாது என்பது உண்மைதான். 25 முதல் 28 அடிக்குள் பாருங்கள். "ஆறு பேர் தூங்கலாம்" என்ற வரியை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். இடுப்புப் பட்டை உள்ள இருக்கை எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். குழந்தை இருக்கையை முன்னோக்கிப் பார்க்கும் இருக்கையில்தான் கட்டமுடியும், அது ஒரு வண்டியில் இரண்டுக்கு மேல் இருப்பது அபூர்வம்.

கேள்வி: இங்கிருந்தபடியே முகாம் இடங்களைப் பதிவு செய்ய முடியுமா? நம் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா? நுழைவுக் கட்டணம் ஏறிவிட்டதாகச் சொல்கிறார்களே?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: முடியும். கிராண்ட் டீட்டன், ராக்கி மவுண்டன் முகாம்களில் பெரும்பாலானவை ரெக்ரியேஷன் டாட் காவ் என்ற அரசுத் தளத்தில் ஆறு மாதத்துக்கு முன் திறக்கின்றன. திறக்கும் நேரம் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 10 மணி. நமக்கு அது, மார்ச் நடு முதல் நவம்பர் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை முன் தள்ளியிருக்கும் காலத்தில் இரவு 10 மணி, மற்ற மாதங்களில் இரவு 11 மணி. ஜூன் மாத இரவுக்கு நீங்கள் டிசம்பரில் பதிவு செய்வீர்கள், அதனால் 11 மணி. இதைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்து காத்திருப்பவர்களாவது பிழைத்துக்கொள்வார்கள், பிந்தியவர்களுக்கு நல்ல இடம் மிஞ்சாது. கணக்கைத் திறந்து, கார்டு விவரத்தையும் வண்டி நீளத்தையும் முதல் நாளே பதிந்து வையுங்கள்.

யெல்லோஸ்டோனில் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தும் பூங்காவின் விடுதி நிறுவனத்தின் கையில், அவற்றின் பதிவு அதற்கும் வெகு முன்னரே தொடங்கிவிடும். மற்றவை அரசுத் தளத்தில். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் இணைப்பாகக் கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றில் மட்டும்தான். மற்ற முகாம்களில் மேசை, தீக்குழி, பொதுக் குழாய், அவ்வளவே.

வரிசையை மாற்றச் சொன்னோமே, காரணம் இதுதான்: அரசுத் தளத்தில் முகாம் இடத்தை முன்கூட்டியே ரத்து செய்தால் இழப்பது 10 டாலர் சேவைக் கட்டணம். வண்டியையோ விமான டிக்கெட்டையோ ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்று சொல்லத் தேவையில்லை. குறைவாக இழக்கக்கூடியதை முதலில் பிடியுங்கள். விசா இன்னும் கையில் இல்லாதவர்கள் இதற்கெல்லாம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். மலேசியருக்கு அமெரிக்கா செல்ல விசா கட்டாயம், நேர்காணல் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில்.

உரிமம்: நம் டி (கார்) உரிமத்தோடு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 150 வெள்ளி. இங்கே டி உரிமத்துக்கு 3,500 கிலோ வரம்பு என்பதால் பலர் தயங்குகிறார்கள். வாடகை ஆர்.வி.களில் பரவலாக உள்ள ஃபோர்டு இ-450 சுமையோடு 6.5 டன் வரை வரும். ஆனாலும் அங்கே அதைச் சாதாரணக் கார் உரிமத்திலேயே வாடகைக்குத் தருகிறார்கள்.

கட்டணம்: கேள்விப்பட்டது சரி. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் அதிகம் பேர் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேஷியர், ராக்கி மவுண்டன் நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. 250 டாலர் ஆண்டு அட்டை வாங்கினால் இந்தக் கூடுதல் இல்லை, வண்டியில் உடன் வருபவர்களும் அதிலேயே அடக்கம். பெரியவர் நால்வர் என்றால் ஒரே பூங்காவுக்குக் கூடுதல் மட்டும் 400. அட்டை வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: சோறு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் ஓடாது. வீட்டு ரைஸ் குக்கரையும் மசாலாப் பொருள்களையும் எடுத்துப் போகலாமா? வண்டிக்குள் சமைப்பது எளிதா?
(வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம் மின்சாரம் 240 வோல்ட், அங்கே 120. சூடாக்கும் கம்பி உள்ள எந்தச் சாதனத்துக்கும் மின்னழுத்தம் பாதியானால் சக்தி பாதியாகாது, கால்வாசியாகும். 700 வாட் குக்கர் அங்கே 175 வாட்டில் முனகும். அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக் கூழாகும், வேகாது. அங்கேயே பேரங்காடியில் சின்ன ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஆசையாக ஊருக்குக் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள், இங்கே அது நான்கு மடங்கு சூட்டில் ஒரே தடவையில் கருகிப்போகும். கைத்தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்கு இந்தக் கவலையில்லை. 100-240 என்று அச்சிட்டிருந்தால் தட்டை முள் அடாப்டர் போதும்.

வண்டிச் சுவரில் உள்ள பிளக் எப்போதும் வேலை செய்யும் என்று எண்ணவேண்டாம். முகாமில் மின் இணைப்பு இருக்கவேண்டும், அல்லது ஜெனரேட்டர் ஓடவேண்டும். இணைப்பு 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏர்கான் 1,500, மைக்ரோவேவ் 1,500, குக்கர் 700 மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 3,700, சுவிட்ச் விழும். இணைப்பில்லாத முகாமில் ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. யெல்லோஸ்டோனில் அனுமதி உள்ள முகாம்களில் காலை 8 முதல் இரவு 8 வரைதான், வாடகை நிறுவனமும் மணிக் கணக்கில் காசு பிடிக்கும். ஆகவே குக்கரை நம்பாமல் கேஸ் அடுப்பை நம்புங்கள்.

அடுப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி பொங்குவதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் சற்றுக் கூட்டி, மூடியைத் திறக்காமல் கூடுதலாக ஐந்து நிமிடம் விடுங்கள். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று பெட்டியில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அதிலும் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விடவேண்டும். மைசூர்ப் பருப்பு சுலபம். கடலையை டின்னில் வாங்கிவிடுங்கள்.

தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலையும் திறங்கள். கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை அலாரம் அடுத்த முகாம் வரை அலறும். தரையோரம் இன்னொரு கருவி இருக்கும், அது கேஸ் கசிவைக் காட்டுவது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே பொருத்தியிருக்கிறார்கள். அது ஒலித்தால் தாளிப்பு என்று அலட்சியம் செய்யாமல் சிலிண்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள்.

பொருள்கள்: பொடி மசாலாவைக் கடையில் அடைத்த பொட்டலமாக, ஆங்கிலப் பெயர் தெரியும்படி எடுத்துப் போங்கள். கறிவேப்பிலை, லீமாவ் பூருட் இலை இரண்டும் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயும் பூச்சியும் பரவும் என்று பறிமுதல் செய்வார்கள். இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம், இறைச்சித் தூள் போட்ட மீ பொட்டலம் உட்பட. உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதிவிட்டுக் காட்டினால் தவறில்லை. மறைத்தால்தான் அபராதம்.

இரவுக் குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கவேண்டும். ஜூனிலும் அங்கே இரவில் உறைநிலையைத் தொடும். ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது, ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 40 ஆம்பியர்-மணி. சாதாரண 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, அதாவது 50. மாலையில் விளக்கு, பம்பு என்று 20 செலவழித்திருந்தால் விடியற்காலை நான்கு மணிக்கு விசிறி வேகம் குறையும், காற்றோட்டம் போதாமல் பாதுகாப்பு சுவிட்ச் ஹீட்டரை அணைத்துவிடும். கேஸ் நிறைய இருந்தும் குளிரில் நடுங்குவதன் இரகசியம் இதுதான். மாலை 8 மணிக்கு முன் ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு, ஹீட்டரை 15 டிகிரியில் வைத்து, மீதியைப் போர்வையிடம் விடுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

கேள்வி: கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன். வண்டிக் கழிவறையில் நாம் தண்ணீர் பயன்படுத்தலாமா? கழிவை யார் அகற்றுவது?
(வாசகர், கெப்போங்)

பதில்: கூச்சப்படாமல் கேட்டதால் பலருக்கு உதவும். அகற்றுவது நீங்கள்தான்.

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர், பாத்திரமும் குளியலும் கழுவிய சாம்பல் நீர், கழிவறைக்கான கறுப்புத் தொட்டி. 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் 150 லிட்டர், மற்ற இரண்டும் 100 லிட்டர் அளவில் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். தண்ணீர் பயன்படுத்தலாம். சொல்லப்போனால் நம் பழக்கம் தொட்டிக்கு நல்லது. காகிதம் குறைந்து தண்ணீர் கூடினால் அடைப்பு வராது. ஆனால் நிறைவது சீக்கிரம். நால்வர், ஆளுக்கு ஐந்து முறை, முறைக்கு இரண்டரை லிட்டர் என்றால் நாளுக்கு 50 லிட்டர், இரண்டே நாளில் தொட்டி நிறைந்துவிடும். குழாய்த் தெளிப்பானுக்குப் பதில் அரை லிட்டர் பாட்டிலில் நிரப்பிக் கழுவினால் மூன்று நாள் தாங்கும். ஈரத் துடைப்பான் தாள்களைப் போடவே கூடாது, உறையில் என்ன எழுதியிருந்தாலும் அவை கரைவதில்லை.

காலி செய்யும் முறை. ரப்பர் கையுறை. தடித்த பழுப்புக் குழாயின் ஒரு முனையை வண்டியின் வாயில் திருகி, அது பூட்டிக்கொண்டதை இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். மறுமுனையைத் தரைத் துளையில் அழுத்திவிட்டு மேலே ஒரு கல்லோ காலோ வையுங்கள். முதலில் கறுப்பு வால்வைத் திறங்கள். சத்தம் ஓய்ந்ததும் மூடுங்கள். பிறகு சாம்பல் வால்வு, அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் குழாயில் அழுக்கு தங்கும். முடிந்தபின் கறுப்புத் தொட்டியில் பத்து லிட்டர் தண்ணீரும் ஒரு பொட்டலம் இரசாயனமும் விட்டு வையுங்கள்.

கழிவுநீர் இணைப்பு உள்ள முகாமில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எப்படியும் இணைத்தாகிவிட்டது என்று கறுப்பு வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள். நீர் வடிந்துவிடும், திடக்கழிவு மட்டும் கழிப்பான் அடியில் கூம்பாகக் குவிந்து காய்ந்துவிடும். அதைக் கரைக்க நாளாகும், சில நிறுவனங்கள் தனிக் கட்டணமும் போடும். முக்கால் தொட்டி நிறையும்வரை மூடியே வையுங்கள். திறந்ததும் அடித்துக்கொண்டு போகும் வேகம்தான் தொட்டியைச் சுத்தம் செய்கிறது. உணர்கருவியில் காகிதம் ஒட்டிக்கொண்டு, காலி செய்தபின்னும் "நிறைந்துள்ளது" என்று விளக்கு காட்டுவது சகஜம். பயப்பட வேண்டாம்.

கழிவு கொட்டும் இடத்தில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று கழுவ, ஒன்று குடிநீருக்கு. பலகையைப் படிக்காமல் கையை நீட்டாதீர்கள். உறையும் இரவுகளில் இந்த இடங்களை மூடிவிடுவதும் உண்டு, அதனால் இடம்பெயரும் நாளின் காலையில்தான் கொட்டுவோம் என்று கடைசிவரை வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: கெந்திங் மலையில் வேன் ஓட்டிய அனுபவம் உண்டு. அந்த மலைச்சாலைகளுக்கு அது போதுமா? பெட்ரோலில் 85, 87 என்று போட்டிருக்கிறதாமே, நம்முடைய ரோன் 95 கிடைக்காதா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கெந்திங்கிலிருந்து இறங்கும்போது "கியர் ரெண்டா" (குறைந்த கியர்) என்று பலகை சொல்வதைப் பொருட்படுத்துபவர் என்றால் பாதித் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். 6 டன்னுக்கு அது இன்னும் முக்கியம். இறக்கம் தொடங்கும் முன்பே டோ-ஹால் பொத்தானை அழுத்துங்கள், ஃபோர்டு இ-450ல் கியர் தண்டின் முனையில் இருக்கும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, 15 கிலோமீட்டர் குறைத்து, முழுதாக விடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஜாக்சனுக்கும் ஐடஹோவின் விக்டருக்கும் இடையே உள்ள டீட்டன் கணவாயில் சரிவு 10 சதவீதம். வழிகாட்டிச் செயலி குறுக்குவழி என்று அங்கேதான் தள்ளும். ஆல்பைன், ஸ்வான் வேலி வழியாகச் சுற்றிப் போங்கள்.

சாலையைவிட எண்ணெய் நிலையத்தில்தான் அதிக சேதம். பின் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டரை மூன்று மீட்டர் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்பை விட்டு விலக இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசி, பம்பின் காவல் தூணில் உரசும். நேராக ஒரு வண்டி நீளம் போனபின் திருப்புங்கள். உயரத்தை அடி, அங்குலத்தில் தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள். கூரைச் சேதத்தைப் பல வாடகைக் காப்புறுதிகள் ஏற்பதில்லை.

ஆக்டேன் எண்ணைக் கணக்கிடும் முறை அங்கே வேறு. அங்கே எழுதும் 87 நம்முடைய ரோன் அளவில் ஏறக்குறைய 91, 92. வயோமிங், மொண்டானா, கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் மலிவாக 85 வைத்திருப்பார்கள். மெல்லிய காற்றில் பழைய எஞ்சின்களுக்கு அது போதுமாயிருந்தது. இன்றைய வண்டிகளின் கையேடு 87 கேட்கிறது, அதையே போடுங்கள். பல நிலையங்களில் டீசல் குழாயின் பிடி பச்சை நிறம், நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 24 முதல் 29 லிட்டர் குடிக்கும். 1,500 கிலோமீட்டருக்கு 400 லிட்டர் என்று ஒதுக்குங்கள்.

கேள்வி: 70 வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். உயரம் ஒத்துக்கொள்ளுமா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: அம்மாவுக்கு இருதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். இல்லையென்றால் வயது தனியாகத் தடையில்லை, அவசரம்தான் தடை. ராக்கி மவுண்டன் பூங்காவுக்குப் போகிறீர்கள் என்றால், வழியில் உள்ள டென்வர் நகரமே 1,600 மீட்டர். அங்கே ஓர் இரவு தங்கி, அடுத்து 2,400 மீட்டரில் உள்ள முகாமில் இரண்டு இரவு, அதன்பின் டிரெயில் ரிட்ஜ் சாலை என்று ஏறுங்கள். அந்தச் சாலையின் உச்சி 3,713 மீட்டர். கினபாலு ஏறுபவர்கள் இரவு தங்கும் பானாலாபானைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம், அங்கே காரில் உட்கார்ந்தபடியே போய்விடுவதால் உடம்புக்குப் பழக நேரமில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். இறக்கமே மருந்து.

கேள்வி: கரடி வருமாமே? நம் சம்பல், நெத்திலி வாசனைக்கு என்ன ஆகும்?
(வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: வாசனைக்கு வரும், சம்பல் என்றில்லை, பற்பசைக்கும் வரும். விதி எளிது: யாரும் பக்கத்தில் இல்லாதபோது மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது. சாப்பாடு மட்டுமல்ல, கழுவாத சட்டி, காலிக் குளிர்பான டின், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், நாய்த் தட்டு எல்லாம் கணக்கு. வண்டிக்குள் வைத்து ஜன்னலை மூடுங்கள், அல்லது முகாமின் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். மீன் கழுவிய தண்ணீரைப் புதரில் ஊற்றாமல் சாம்பல் தொட்டிக்கு அனுப்புங்கள். பெலாச்சான் வறுக்கவேண்டும் என்றே இருந்தால் இரவில் வேண்டாம், பக்கத்து முகாம்காரர்களும் கரடிக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஃபிஷிங் பிரிட்ஜில் துணிக்கூடாரத்துக்கே அனுமதியில்லை, கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம்.

கரடி ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலோ பெட்டியிலோ கொண்டுபோக முடியாது, அங்கே வாங்குங்கள். அது கொசு மருந்து போல உடம்பில் அடித்துக்கொள்ளும் பொருள் அல்ல, மிளகாய்க் காரம். பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பது. இடுப்பில் இருக்கவேண்டும், பையின் அடியில் இருந்தால் பயனில்லை. கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 23 மீட்டர் என்பது பூங்கா விதி. காட்டெருமை நம் எருமையைப் போல் மந்தமாகத் தெரியும். மனிதரைவிட மும்மடங்கு வேகத்தில் ஓடும்.

கேள்வி: அமெரிக்க விசா, கட்டணம் எல்லாம் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நியூசிலாந்து போகலாமா?
(வாசகர், தாமான் துன்)

பதில்: தாராளமாக. முதல்முறை ஆர்.வி. எடுப்பவருக்கு நாங்கள் சொல்வதும் அதுதான். சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், விசாவுக்குப் பதில் இணையத்தில் பெறும் என்இசட்இடிஏ என்ற பயண அனுமதி போதும், டிசம்பர் அங்கே கோடை. தென்தீவில் அவோராக்கி மவுண்ட் குக் பூங்காவின் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமும், டே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்ட் செல்லும் 94ஆம் நெடுஞ்சாலையும் இரண்டு தூண்கள். ஒயிட் ஹார்ஸ் ஹில்லில் மின் இணைப்பு கிடையாது, மேலே சொன்ன பேட்டரிக் கணக்கு அங்கேயும் பொருந்தும். முகாமல்லாத பொது இடங்களில் தங்கவேண்டுமானால் வண்டியில் பொருத்தப்பட்ட கழிவறையும் தன்னிறைவுச் சான்றும் இருக்கவேண்டும், கூடாரம் போட்ட வேனை அந்த நோக்கத்தில் எடுக்காதீர்கள்.

மில்ஃபோர்டு சாலையில் 1.2 கிலோமீட்டர் ஹோமர் சுரங்கம் குறுகலானது, கோடையில் சமிக்ஞை விளக்கு வைத்து ஒவ்வொரு பக்கமாக விடுவார்கள். காத்திருக்கும்போது கியா என்ற பச்சைக் கிளிகள் கூரையில் இறங்கி ஜன்னல் ரப்பரைக் கொத்தி இழுக்கும். தீனி போட்டால் கூட்டமே வந்துவிடும். டே அனாவில் எண்ணெய்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், போக 120 கிலோமீட்டர், வர 120, நடுவில் எண்ணெய் நிலையம் இல்லை.